காற்றைப் பொறுத்தலும் மனிதரைப் பொறுத்தலும்

நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலாக விளங்குவது ஆரல்வாய்மொழிக் கணவாய். ஆனி, ஆடித் திங்கள்களில் அவ்வழியே சென்றவர் எவரும் அங்கு வீசும் காற்றை மறந்திருக்க மாட்டார். மேற்கு நோக்கி மிதிவண்டியில் வருபவர் பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார். தலையில் புல்லுக்கட்டுச் சுமந்து வரும் பெண்கள் காற்று வரும் பக்கம் சற்றே சாய்ந்து நடப்பர். இரண்டொரு நாள் வீசி ஓய்ந்துவிடும் காற்றன்று இது. வைகாசி நடுவில் தொடங்கிப் புரட்டாசி வரை, இரவென்றும் பகலென்றும் பாராமல் வீசுவது. அக்காற்றோடு வாழ்ந்தவன் என்ற முறையில், அது எனக்குக் கற்பித்த ஒன்றையும், அதைக் கொண்டு நான் செய்த பிழை ஒன்றையும் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இக்காற்றின் காரணம் எளியது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதனைத் தடுக்க, ஈரமெல்லாம் மலையின் மேற்குப் புறத்தில் மழையாக இறங்கிவிடுகிறது. மகேந்திரகிரிக்குத் தெற்கே மலைத்தொடர் தாழ்ந்து இடைவெளி விடும் இடத்தில், அக்காற்று நெருக்குண்டு விரைவு பெற்றுக் கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டைக் கணவாய்களிலும் நிகழ்வது இதுவே. ஆகவே மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் மழையில் நனைந்து பசுமை பூண்டிருக்கும் அதே நாளில், கணவாய்க்குக் கிழக்கே முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, இராதாபுரம் பகுதிகள் வறண்டு புழுதி பறக்கக் கிடக்கும். மழை அவர்களுக்கு, காற்று நமக்கு என்று இப்பகுதி முதியோர் பாதி வேடிக்கையாகவும் பாதி வருத்தமாகவும் சொல்வதுண்டு.

இத்தகைய காற்றோடு மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர்? வாழை பயிரிடுவோர் குலை தள்ளிய ஒவ்வொரு வாழைக்கும் ஊன்றுகோல் கொடுப்பர். ஓட்டு வீட்டினர் கூரையின் விளிம்பு ஓடுகளைச் சாந்திட்டு இறுக்குவர். மேற்குப் பக்கத்துச் சன்னல் நான்கு திங்கள் சாத்தியே கிடக்கும். தோட்டத்தைச் சுற்றிப் பனையோ சவுக்கோ வளர்ப்பர். கன்னிப்பூ அறுவடையாகிக் களத்திற்கு நெல் வந்ததும், அதுவரை ஏசிய அதே காற்றை எதிர்நோக்கி நின்று முறத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பதர் தூற்றுவர். உலகின் மற்றொரு கோடியிலும் இதே அறிவு காணப்படுகிறது. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் மிஸ்த்ரால் என்னும் வடமேற்குக் காற்று வீசும். அங்குள்ள பழைய பண்ணை வீடுகள் அத்திசைக்கு முதுகு காட்டிக் கட்டப்பட்டிருக்கும். வயல்களின் விளிம்பில் சைப்பிரஸ் மரங்களை வரிசையாக நட்டிருப்பர். காற்றோடு சண்டையிட்டு வென்றவர் எங்கும் இலர். வளைந்தும், ஊன்றுகொடுத்தும், இயன்றபோது பயன்கொண்டும் வாழ்ந்தவர்களே எங்கும் உளர்.

ஒரு பகையை இவ்வளவு காலம் பகைமையின்றி மனிதர் தாங்குவது எவ்வாறு? காற்று கூரையைப் பிரித்துவிட்டால் வீட்டுக்காரர் வருந்துவார். ஆனால் காற்றின்மீது வஞ்சம் கொள்வதில்லை. மறுநாளே ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றுவார். காற்றுக்குத் தம்மைத் துன்புறுத்தும் எண்ணம் இல்லை என்பதை அவர் அறிவார்.

சமண அறம் இதனை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்கிறது. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தனையும் உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பது அருகநெறியின் கொள்கை. காற்றை உடலாகக் கொண்டவற்றை வாயுகாயிக உயிர்கள் என்பர். ஆதலால் துறவோர் கோடை வெப்பம் தாங்க இயலாத போதும் விசிறி கொள்வதில்லை. காற்று நம்மை வருத்துகிறது என்பது நம் பேச்சு. நாம் காற்றை வருத்துகிறோமா என்பது அவர்தம் கேள்வி. இக்கேள்வியை ஒருமுறை மனத்தில் வாங்கிக்கொண்டவன் காற்றைப் பகை என்று கருத முடியாது. அது மனமில்லாத உயிர். தன் இயல்பின்படி செல்கிறது. நாம் அதன் வழியில் நிற்கிறோம். அவ்வளவே.

இவ்வளவும் இளமையிலேயே நான் கேட்டறிந்தவை. பள்ளியில் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்க்குப் பொறுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் ஊர்க் காற்றையே எடுத்துக்காட்டுவேன். அந்த எடுத்துக்காட்டை நான் தவறான இடத்தில் பயன்படுத்திய ஆண்டு 1994.

அக்காலச் சூழலைச் சிறிது கூற வேண்டும். தமிழ்நாட்டில் காற்றாலைப் பண்ணை முதன்முதலாக 1986-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. பின்னர், டென்மார்க் நாட்டின் உதவியோடு முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் முன்மாதிரிப் பண்ணைகள் அமைந்தன. காற்றின் விரைவு இரு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. எனவே கணவாயின் வாயில் கிடந்த நிலத்திற்கும் பத்துக் கல் தள்ளிக் கிடந்த நிலத்திற்கும் வேறுபாடு மிகப் பெரிது. காற்றாலை நிறுவுவோர் இயந்திரத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அன்றைய வருமானவரி விதிகள் இடமளித்தன. தொலைவிலிருந்த ஆலை முதலாளிகளும் வணிகரும் முப்பந்தலைத் தேடி வந்தனர். விளையாத நிலம் என்று எவரும் ஏறிட்டுப் பாராத முட்காட்டிற்கு ஒரே ஆண்டில் விலை வந்தது. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்னும் பழமொழியை அந்நாளில் நிலத்தரகர் சொல்லக் கேட்காதவர் இப்பகுதியில் இல்லை.

என் தந்தையார் வழியில் எனக்கும் அங்கே சில ஏக்கர் புன்செய் இருந்தது. அதனை இரண்டு தலைமுறையாக ஒரு குடும்பத்தார் பார்த்து வந்தனர். அந்நிலத்தில் ஒரு குடிசை கட்டியிருந்தனர். ஆடு மேய்த்தனர். மழை கண்ட ஆண்டில் காணமும் எள்ளும் விதைத்தனர். விளைந்தால் ஒரு பங்கு எங்கள் வீட்டிற்கு வரும். விளையாத ஆண்டில் நாங்கள் கேட்டதில்லை. பத்திரம், குத்தகைச் சீட்டு எதுவும் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சே. அக்குடும்பத்துப் பெரியவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன்.

மூத்த மகனின் பொறியியல் படிப்பிற்குப் பணம் தேவைப்பட்ட வேளையில் தரகர் வந்தார். விற்க ஒப்புக்கொண்டேன். அண்ணாச்சியிடம் முன்னதாக ஒரு சொல் கேட்கவில்லை. முன்பணம் வாங்கிய பிறகே சென்று சொன்னேன். அன்று ஆனி மாதக் காற்று குடிசையின் ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. நான் பேசினேன். "காத்து வந்து கூரையப் பிரிச்சா பொறுத்துக்கிடுதோம் இல்லியா அண்ணாச்சி, அதுமாதிரி நெனச்சுக்கிடுங்க. எல்லாம் அவங்கவங்க வினைப்பயன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காத்து ஆளப் பாத்து அடிக்காது சார். நீங்க என்னையத் தெரிஞ்சுதானே வித்தீங்க" என்றார்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏசவும் இல்லை. ஒரு வாரத்தில் குடிசையைப் பிரித்து, கம்புகளையும் ஆடுகளையும் கொண்டு உறவினர் ஊருக்குச் சென்றுவிட்டார். சட்டப்படி நான் செய்ததில் குற்றமில்லை. பட்டா என் பெயரில் இருந்தது. ஆனால் அவர் சொன்ன இரண்டு சொற்றொடர்களுக்கு இன்றுவரை என்னால் மறுமொழி கூற இயலவில்லை. இக்கட்டுரையே அவற்றை விளங்கிக்கொள்ளும் முயற்சிதான்.

அன்பர்களே, துன்பத்திற்கு இரண்டு வாயில்கள் உள. ஒன்று, எண்ணமில்லாத இயற்கை. மற்றொன்று, எண்ணமுள்ள மனிதன். துன்புறுபவனுக்கு வலி ஒன்றாகவே இருக்கலாம். கூரை காற்றில் போனாலும் விற்பனைப் பத்திரத்தில் போனாலும் குடிசை போனது போனதே. எனினும் அறத்தின் கணக்கில் இரண்டும் ஒன்றாகா. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிருக்கு ஊறு நேர்ந்தது என்பதோடு நிற்கவில்லை. கருத்தின்மையாலும், ஆசை சினம் முதலியவற்றின் வயப்பட்டமையாலும் நேர்ந்த ஊறு என்று அதன் மூலத்தையும் சேர்த்தே காட்டுகிறது. காற்றுக்கு ஆசையில்லை. ஆகவே அது கூரையைப் பிரித்தது இம்சை ஆகாது. எனக்கு ஆசை இருந்தது. கருத்தின்மையும் இருந்தது. அவரைக் கேட்க வேண்டும் என்னும் நினைவே எனக்கு வரவில்லை. நான் செய்ததைக் காற்றின் செயலாகக் கூறியபோது என் ஆசையையும் கருத்தின்மையையும் மறைத்துக்கொண்டேன்.

இவ்விடத்தில் நூலறிந்த அன்பர் ஒருவர் வினவக்கூடும்: துறவோர் பொறுக்க வேண்டிய பரீஷகங்கள் இருபத்திரண்டு. அவற்றுள் குளிரும் வெப்பமும் உண்டு. பிறர் ஏசும் ஏச்சும் அடிக்கும் அடியும் உண்டு. இயற்கையால் வருவதும் மனிதரால் வருவதும் ஒரே பட்டியலில் அன்றோ வைக்கப்பட்டுள்ளன? பொறுப்பவனுக்கு இரண்டும் ஒன்றே என்பதுதானே அறம்?

வினா நேரியது. பொறுப்பவனுக்கு இரண்டும் ஒன்றாகலாம். ஆனால் அப்பட்டியல் பொறுப்பவன் கையில் கொடுக்கப்பட்டது. அடிப்பவன் அதனை எடுத்து, "நீ பொறுக்க வேண்டியவற்றுள் என் அடியும் ஒன்று" என்று படித்துக் காட்ட உரிமையில்லை. வினைக்கொள்கைக்கும் இதுவே பொருந்தும். எனக்கு வந்த துன்பத்தை என் பழவினையின் பயன் என்று நான் எண்ணினால் என் சினம் தணியும். பகை வளராது. அது மருந்து. நான் பிறர்க்கு இழைத்த துன்பத்தை அவருடைய வினைப்பயன் என்று நானே சொன்னால், அதே மருந்து நஞ்சாகிறது. அவர் வினை எதுவாயினும் ஆகுக, அவருக்குத் துன்பம் செய்த வினை என்னுடையது. அதன் பயன் என் கணக்கிலேயே எழுதப்படும்.

பார்சுவநாதர் வரலாறு இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. அப்பெருமான் தவத்தில் நின்றபோது, பழம்பிறவிப் பகைவனான கமடன் புயலும் மழையும் எழுப்பி அவரை வருத்தினான் என்றும், தரணேந்திரனும் பதுமாவதியும் காத்து நின்றனர் என்றும் கூறுவர். பெருமான் அசையாது பொறுத்தார். அவரளவில் அது காற்றும் மழையுமே. ஆயினும் வரலாற்றைச் சொன்ன முன்னோர், புயல் வந்தது என்று மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. அப்புயலின் பின்னே இருந்தவன் பெயரையும் மறவாது சொன்னார்கள். இறுதியில் கமடன் தன் செயலுக்கு நாணிப் பெருமானை வணங்கினான் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. அவன் "காற்றுதான் அடித்தது" என்று சொல்லியிருந்தால் அந்த வணக்கத்திற்கு இடமேது? குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப்பாறையிலும், நாகர்கோவில் நாகராசர் கோவில் தூணிலும் பார்சுவநாதர் திருவுருவம் இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் காற்று வீசும் இந்நாட்டில் அவ்வுருவத்தைக் காணுந்தோறும் இவ்வெண்ணமே எனக்குத் தோன்றும்.

காற்றின்மேல் பழியைப் போடும் பழக்கம் என் ஒருவனுடையது மட்டுமன்று. அமெரிக்க நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் 1930-களில் பெரும் புழுதிப் புயல்கள் எழுந்தன. 1935 ஏப்ரல் 14-ஆம் நாளைக் கறுப்பு ஞாயிறு என்றே அங்கு வழங்குகின்றனர். மழை பொய்த்ததும் காற்று வீசியதும் உண்மை. ஆனால் அங்கே காற்று என்றும் வீசியதே, வறட்சியும் முன்னர் வந்ததே. மண்ணைப் பிடித்துவைத்திருந்த புல்வெளியைக் கோதுமை விலையை நம்பி உழுது புரட்டியவர் மனிதர். அதனை ஒப்புக்கொண்ட பின்னரே மண்காப்புச் சட்டம் அவ்வாண்டிலேயே பிறந்தது. காற்றரண் மரங்களும் நடப்பட்டன. காற்றையே பழித்துக்கொண்டிருந்தால் ஒரு மரமும் நடப்பட்டிருக்காது.

நம் மாவட்டம் 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயலைக் கண்டது. வாழையும் இரப்பரும் சாய்ந்தன. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கான மீனவர் இறந்தோ காணாமலோ போயினர். வாழை சாய்ந்ததற்கு எவரும் எவரையும் கேள்வி கேட்கவில்லை. ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்போர்க்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டியதா, தேடுதல் விரைந்து நடந்ததா என்று கடற்கரை ஊர்த் தாய்மார் கேட்டார்கள். அது புயலை நோக்கிய கேள்வியன்று. "இயற்கைச் சீற்றம்" என்னும் சொல்லை அவர்களிடம் ஆறுதலாகச் சொன்னவர்கள் பலர். அச்சொல்லைக் கேட்டபோது எனக்கு என் 1994-ஆம் ஆண்டுச் சொல்லே நினைவுக்கு வந்தது.

காற்றாலை தீது என்று நான் சொல்ல வரவில்லை. நிலக்கரி எரித்துப் புகை கக்காமல் கிடைக்கும் மின்சாரம் அது. காற்று எவருக்கும் உடைமையன்று. அதிலிருந்து ஊருக்கு விளக்கெரியுமானால் நன்றே. ஆயினும் காற்றுக்கு உரியவர் இலர் என்பதால் நிலத்திலும் ஒருவரும் இலர் என்றாகிவிடாது. சட்டம் பட்டா யார் பெயரில் என்று கேட்கும். அறம் அங்கு யார் வாழ்கிறார் என்று கேட்கும். அன்று நட்ட சிறிய இயந்திரங்கள் முதுமையடைந்துவிட்டன. அவற்றைப் புதுப்பிக்கவும், மாற்றிப் பெரியவற்றை அமைக்கவும் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கையே வெளியிட்டுள்ளது. பெரிய இயந்திரங்களுக்கு அகன்ற பாதைகளும் புதிய இடங்களும் வேண்டியிருக்கும். தரகர் மீண்டும் வருவர். பழமொழியும் மீண்டும் வரும். களத்தில் நின்று தூற்றியவர்கள் அப்பழமொழியின் பொருளை அறிவார்கள். தூற்றுபவன் தன் நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கிறான். பக்கத்தில் நிற்பவன்மேல் பதர் விழாதவாறு பார்த்தே நிற்கிறான். கையெழுத்திடுமுன் அந்நிலத்தில் நிற்பவரை ஒருமுறை சென்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். கேட்டாலும் விற்க நேரிடலாம். ஆனால் அவருக்குரிய பங்கைப் பேசிக் கொடுக்கலாம். நான் அதைச் செய்யவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அண்ணாச்சியைத் தேடிச் சென்றேன். அவர் காலமாகி இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அவர் மகள் இருந்தார். விற்ற தொகையில் ஒரு பகுதியை, காலம் கடந்ததற்குச் சேர வேண்டியதையும் கணக்கிட்டு, அவரிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் கழித்து வாங்கிக்கொண்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்படி நானும் கேட்கவில்லை. தந்தையைச் சார்ந்த மன்னிப்பை மகளிடம் பெற இயலுமா என்பது எனக்குத் தெரியவில்லை. "அப்பா காத்தடி காலத்துல உங்க நெலத்தப் பத்திதான் பேசிக்கிட்டு இருப்பாரு" என்று மட்டும் சொன்னார்.

தசலட்சண பருவத்தின் முதல் அறம் உத்தம பொறை. பருவம் நிறைவெய்தியதும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்பு வேண்டுதல் மரபு. அம்மரபில் பொறு என்று பிறரை ஏவுதல் இல்லை. பொறுத்தருள்க என்று தான் தாழ்ந்து கேட்டலே உண்டு. இப்பருவம் ஆவணி, புரட்டாசியை ஒட்டி வருவது. எங்கள் ஆரல்வாய்மொழியில் காற்று அடங்கத் தொடங்குவதும் அந்நாள்களிலேயே. காற்று நின்றதும் மக்கள் ஏணி வைத்துக் கூரை ஏறி, எந்த ஓடு காற்றால் போனது, எது தாம் சரியாக வைக்காமையால் போனது என்று பார்ப்பர். நாமும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவ்வாறு பார்ப்போமாக. காற்றால் வந்ததைப் பொறுப்போம். நம்மால் பிறர்க்கு வந்ததை நம் பெயரிலேயே எழுதிக்கொண்டு, அவர் உயிரோடிருக்கும்போதே சென்று கேட்போம்.